கண்ணாடியும் தலைப்பாகையும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்த்த காலம். எட்டாம் வகுப்பில் கோயில் கட்டடக்கலைப் பாடம். கருவறையில் மூலவர் இருப்பார் என்று படம் போட்டுக் காட்டினேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "சார், எங்க கோயில்ல சிலை இல்ல, கண்ணாடிதான் இருக்கு" என்றான். வகுப்பே சிரித்தது. "ஏண்டா, அது கோயிலா, சலூனா?" என்று நானும் கேட்டுவிட்டேன். உட்கார்ந்தவன், அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

நான் தஞ்சாவூர்க்காரன். நிழல் தாங்கல் என்ற பெயரையே அப்போது கேட்டதில்லை. வரலாற்று ஆசிரியர் வேறு!

பிறகு ஒருநாள் சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு தாங்கலுக்குள் போனேன். சின்ன ஓட்டுக் கட்டடம். உள்ளே நிலைக்கண்ணாடி, முன்னால் எண்ணெய் விளக்கு. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி நின்றார்கள். நெற்றியில் சுடர்போல வெள்ளைத் திருமண். எங்கள் ஊர்க் கோயிலில் துண்டு இடுப்புக்கு இறங்கும். இங்கே தலைக்கு ஏறியிருந்தது. ஏன் என்று தேடிப் படித்தேன்.

அய்யா வைகுண்டர் 1809-இல் இன்றைய சாமித்தோப்பில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். அந்தச் சாதியில் பிறந்தவனுக்கு முடி சூடும் பெயரா என்று எதிர்ப்பு வந்து, முத்துக்குட்டி என்று மாற்றினார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் செய்தி. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. பெரிய கோயில்களுக்குள் நுழையவே முடியாது. அந்தக் கதவு சட்டப்படி திறந்தது 1936-இல்தான்.

வைகுண்டர் எல்லாச் சாதியும் சேர்ந்து நீர் எடுக்க முத்திரிக் கிணறு வெட்டினார். அரசு அவரைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. 1851-இல் அவர் மறைந்த பிறகும் தாங்கல்கள் ஊர் ஊராகப் பெருகின.

கண்ணாடி வைத்ததற்கு 'இறைவன் உனக்குள்ளே' என்று விளக்கம் சொல்வார்கள். வடலூர் சபையிலும் திரைகளுக்குப் பின்னே கண்ணாடி உண்டு. நாராயண குருவும் 1927-இல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அந்த விளக்கம் சரிதான். ஆனால் என்னை உலுக்கியது தலைப்பாகைதான். பகலெல்லாம் வெறுந்தலையோடு வழிவிட்டு ஒதுங்கி நின்றவன், விளக்கேற்றும் நேரத்தில் முண்டாசு கட்டிக்கொண்டு கும்பிடுகிறான். எதிரே கண்ணாடியில் அவன் கும்பிடும் உருவமும் முண்டாசு கட்டியிருக்கிறது. தினமும் இதைப் பார்த்தவனை எத்தனை நாள் குனிய வைத்திருக்க முடியும்?

இதைத்தான் அந்தப் பையன் ஒரே வரியில் சொல்ல வந்தான். நான் சலூன் என்றேன்.

தாங்கலுக்குப் போய்வந்த பிறகும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வாத்தியார் கௌரவம் தடுத்தது. அடுத்த வருஷம் எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது. இப்போது அவனுக்கு ஐம்பது வயதாவது இருக்கும். அந்த வகுப்பில் படித்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். ஜன்னல் ஓரம், கடைசி பெஞ்ச். யாரென்று உங்களுக்குத் தெரியும், பெயரை இங்கே எழுத வேண்டாம். இந்தப் பதிவை அவனிடம் காட்டுங்கள். என் போன் நம்பரையும் கொடுங்கள்.