விரலுக்கு அடியில்

கணக்குப்பிள்ளைகள் சாய்வு மேஜையை மடியோரம் இழுத்து வைத்துக்கொண்டு எழுதிய காலத்தில், மேஜை கனமாக இருக்கிறதே என்று யாரும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கை அழுந்தினாலும் பலகை அழுந்தாது. எழுதுகிறவனுக்கு வேண்டியது அதுதான். பேனா நல்லதா, மை நல்லதா என்பதெல்லாம் அப்புறம்.

இப்போது நான் எழுதுவது லேப்டாப்பில். என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சாய்வு மேஜையின் அருமை நன்றாகத் தெரிகிறது. எடை குறைந்த லேப்டாப் ஒன்றைத் திறந்து, கீபோர்டின் நடுவே, ஆங்கில ஜி, எச் எழுத்துகள் இருக்கும் இடத்தில் தட்டிப் பாருங்கள். சிலவற்றில் அந்த எழுத்துக் கட்டை மட்டும் இறங்காது. அக்கம் பக்கத்துக் கட்டைகளையும் சேர்த்துக்கொண்டு பலகையே ஒரு முறை குழிந்து எழும்பும். கயிற்றுக் கட்டிலின் மேல் தாளை வைத்து எழுதுவது போல இருக்கும்.

"இது ஒரு பிரமாதமான குறையா?" என்று நேயர்கள் கேட்கலாம். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இந்நாளைய லேப்டாப்பில் ஒரு கட்டை கீழே இறங்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். பலவற்றில் அதற்கும் குறைவு. அதோடு பலகையும் அரை மில்லிமீட்டர் அமுங்கினால், கட்டை போய்ச் சேர்ந்த இடம் எது, பலகை அமுங்கியது எது என்று விரலுக்குத் தெரியாமல் போகிறது. தரை எங்கே என்று தெரியாத கால் தடுமாறுகிற மாதிரி விரலும் தடுமாறுகிறது. சந்தேகத்தில் இன்னும் ஓங்கிக் குத்துகிறது. நாள் முழுதும் இப்படிக் குத்தினால் இரவில் மணிக்கட்டு வலிக்கிறது. பொழுதுபோக்குக்கு நாலு கடிதம் எழுதுகிறவருக்கு இது தெரியாது. பக்கக் கணக்கில் கூலி வாங்குகிற மொழிபெயர்ப்பாளருக்கும், கோர்ட்டு வாசலில் மனு அடித்துக் கொடுத்து வயிறு வளர்ப்பவருக்கும் நன்றாகத் தெரியும்.

பழைய டைப்ரைட்டர்களுக்கு இந்த வியாதி கிடையாது. ஆபீஸ்களில் மேஜையை விட்டு நகராமல் வீற்றிருந்த அண்டர்வுட் போன்ற யந்திரங்களைத் தூக்க நல்ல புஜபலம் வேண்டும். 1912-ல் அமெரிக்காவில் கொரோனா என்ற மடக்கு டைப்ரைட்டர் வந்தது. எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. 1950-ல் இத்தாலியின் ஒலிவெட்டி கம்பெனி, மார்ச்செல்லோ நித்சோலி என்ற கலைஞரின் வடிவமைப்பில் லெத்தெரா 22 என்ற அழகான சிறு யந்திரத்தைக் கொண்டுவந்தது. அதுவும் நாலு கிலோவுக்குள்தான். ஆனால் இவற்றிலெல்லாம் எழுத்துக் கட்டை என்பது ஒரு நெம்புகோலின் நுனி. அந்த நெம்புகோல் யந்திரத்தின் சட்டத்திலேயே மாட்டியிருந்தது. எடையைக் குறைத்தபோது யந்திரம் மேஜைமீது நகர்ந்ததே தவிர, நடுவில் குழியவில்லை.

கம்ப்யூட்டர் வந்தபோதும் ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 1985-ல் ஐ.பி.எம். கம்பெனி மாடல் எம் என்ற கீபோர்டை வெளியிட்டது. அது தனியாக மேஜைமேல் வைக்கிற கீபோர்டு. இரண்டு கிலோவுக்கு மேல் எடை; காரணம், கட்டைகளுக்கு அடியில் வளைந்த எஃகுத் தகடு ஒன்று. அதை ஓங்கிக் குத்தினாலும் ஏனென்று கேட்காது. கையில் எடுத்துப் போகிற கம்ப்யூட்டர்களும் அப்போது எடைக்கு அஞ்சவில்லை. 1981-ல் வந்த ஆஸ்பர்ன் 1 ஏறக்குறைய 11 கிலோ! இதைச் சுமந்துகொண்டு விமானம் ஏறியவர்களை நாம் வீரர்கள் என்றே சொல்லலாம். அடுத்த வருஷம், 1982-ல், பில் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த கிரிட் காம்பஸ் வந்தது. இன்றைய லேப்டாப்பைப் போலவே மடங்கித் திறக்கும் உடல். அதை மக்னீசியம் உலோகத்தில் செய்திருந்தார்கள். அமெரிக்க விண்வெளி ஓடத்தில்கூடப் பிரயாணம் செய்தது. எடை 5 கிலோவை ஒட்டி.

அப்புறம்தான் இளைக்கும் போட்டி ஆரம்பித்தது.

போட்டியின் இரகசியம் இதுதான்: எடையை எண்ணாக அச்சிடலாம். கடையில் இரண்டு லேப்டாப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று 2 கிலோ, இன்னொன்று 1800 கிராம் என்று அட்டையிலே போட்டிருக்கும். கீபோர்டு எவ்வளவு அமுங்கும் என்று எந்த விளம்பரத்திலும் போட்டிருந்து நான் பார்த்ததில்லை. ஆகவே, எங்கே குறைத்தால் வாங்குகிறவன் கண்ணுக்குப் படாதோ அங்கே குறைக்கிற ஆசை வியாபாரிக்கு வருவது சகஜந்தான். கட்டைகளுக்கு அடியில் இருக்கும் தகடு யார் கண்ணுக்குப் படுகிறது?

இதிலே பௌதிகத்தின் குறும்பு ஒன்று இருக்கிறது. தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் எடை பாதியாகிறது. ஆனால் வளையாமல் தாங்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. பாதிக்குப் பாதி என்கிற நியாயம் இங்கே செல்லாது. நாலு பேர் உட்காரும் ஊஞ்சல் பலகையை இழைத்துப் பாதியாக்கினால் இரண்டு பேர் உட்காரலாம் என்று எந்தத் தச்சனும் சொல்ல மாட்டான்.

கீபோர்டுக்கென்றே பெயர் வாங்கிய லேப்டாப் ஒன்று உண்டு, ஐ.பி.எம். 1992-ல் கொண்டுவந்த திங்க்பேட். கறுப்புப் பெட்டி, நடுவில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு சிவப்புக் குமிழ். எழுத்தாளர்களும் கணினி வேலைக்காரர்களும் அந்தக் கீபோர்டுக்காகவே அதை வாங்கினார்கள். 2005-ல் அந்தத் தொழில் சீனாவின் லெனோவோ கம்பெனியிடம் கைமாறியது. 2008-ல் டி400, டி500 என்ற புதிய மாடல்கள் வந்தன. பழைய வாடிக்கைக்காரர்கள் ஆவலுடன் வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். பலகை அமுங்கியது! விடுவார்களா? கழற்றிப் பார்த்தார்கள். கீபோர்டின் அடித்தகட்டில் எடையைக் குறைப்பதற்காக ஆங்காங்கே துண்டு துண்டாக வெட்டி எடுத்திருந்தது தெரியவந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்த காரியந்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முந்திய மாடல்களான டி60, டி61 யந்திரங்களின் கீபோர்டு புதியதிலும் கச்சிதமாகப் பொருந்தும். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றி, புது லேப்டாப்பில் மாட்டிக்கொண்டார்கள். பழையது கிடைக்காதவர்கள், அமுங்குகிற இடத்தைக் கண்டுபிடித்து, தகட்டுக்குக் கீழே மெல்லிய ஒட்டுநாடாவை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டி முட்டுக் கொடுத்தார்கள். வேலை முடிந்தது.

இந்த வைத்தியத்தை நான் நேரில் பார்த்தது சென்னை ரிச்சி தெருவில். என் லேப்டாப்பின் கீபோர்டு, விசிறியைச் சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கியதிலிருந்து இடது பக்கத்தில் தொள தொளவென்று ஆடியது. எங்கே கொடுத்தேன் என்பது இங்கே வேண்டாம். பழுது பார்க்கும் இளைஞர் முதலில் லேப்டாப்பைச் சமமான கண்ணாடி மேஜைமேல் வைத்து நாலு மூலையையும் அழுத்திப் பார்த்தார். அடியிலுள்ள ரப்பர் கால் ஒன்று விழுந்திருந்தால்கூட, கீபோர்டு அமுங்குகிறது என்று நாம் நினைத்துக்கொள்வோமாம். பிறகு ஓர் எஃகு அளவுகோலைக் கட்டைகளின்மேல் கிடையாக நிறுத்தி, எழுதும்போது அழுத்துகிற அளவுக்கே ஒவ்வோர் இடமாக அழுத்தினார்.

"இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்திப் பாரேன், தம்பி" என்றேன்.

"கட்டைவிரலை வச்சுக் குத்தினா எந்த கீபோர்டும் வளையும் சார். நீங்க அப்படியா டைப் அடிக்கிறீங்க?" என்றார்.

அடிமூடியைத் திருப்பிப் பார்த்தபோது இரண்டு ஸ்க்ரூக்களைக் காணோம். மூன்றாவது ஒன்று, இருக்கவேண்டிய நீளத்தைவிடக் கூடுதல். குட்டை ஸ்க்ரூ இருக்கும் துளையில் நீள ஸ்க்ரூவை முடுக்கினால், அது கீழிருந்து பலகையைக் குத்தி ஒரு பக்கம் மேடாக்கிவிடும். மறுபக்கம் அந்தரத்தில் நிற்கும். சரியான ஸ்க்ரூக்களைப் போட்டதும் முக்கால்வாசி சரியாகிவிட்டது. மீதிக்கு, தகட்டின் கீழே வெற்றிடம் இருந்த இடத்தில், சூடு தாங்கும் மஞ்சள் நிற நாடாவை இரண்டு மடிப்பு ஒட்டினார். மின்சாரம் பாயும் உலோகக் காகிதம் எதையும் அங்கே வைக்கக் கூடாது. விசிறிக் காற்றின் வழியை மறைக்கக் கூடாது. மடிப்பு அதிகமானால் நடு முதுகு கூன் போட்டுவிடும். ஸ்க்ரூவையும் பிடித்தவுடன் நிறுத்திவிடவேண்டும். இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்பட்டால் மரை கழன்றுவிடும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் முக்கியமானது. இதுவரை நன்றாக இருந்த கீபோர்டு திடீரென்று நடுவில் உப்பினால், அல்லது கீழேயுள்ள தொடுபலகை அழுத்த வராமல் இறுகிப்போனால், மூடி சரியாக மூடாவிட்டால், அது கீபோர்டின் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். உள்ளேயுள்ள லித்தியம் பாட்டரி வீங்கி மேலே தள்ளுகிறதா என்று பார்க்கவேண்டும். அப்போது நாடாவும் வேண்டாம், ஸ்க்ரூவும் வேண்டாம். யந்திரத்தை நிறுத்திவிட்டு, சார்ஜ் போடாமல், தெரிந்தவரிடம் கொண்டுபோகவேண்டும். அமுக்கிப் பார்க்கிறேன் என்று அந்தப் பாட்டரியை அழுத்துவதும் குத்துவதும் தீயோடு விளையாடுகிற வேலை.

இத்தனை வைத்தியமும் திறக்கக்கூடிய யந்திரத்துக்குத்தான். ஆப்பிள் கம்பெனி வேறு வழியில் போயிற்று. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஆபீஸ் காகிதம் அனுப்புகிற பழுப்பு உறை ஒன்றிலிருந்து மாக்புக் ஏர் என்ற லேப்டாப்பை உருவி எடுத்துக் காட்டினார், எடை 1.36 கிலோ. 2015-ல் வந்த 12 அங்குல மாக்புக் இன்னும் இளைத்து 920 கிராமுக்கு வந்தது, தடிமன் 13.1 மில்லிமீட்டர். இத்தனை ஒல்லியான உடம்பில் கட்டைக்கு இடம் எங்கே? வண்ணத்துப்பூச்சியின் சிறகு போல விரியும் ஒரு புதிய கீல் செய்தார்கள். எந்த ஓரத்தில் தட்டினாலும் கட்டை ஆடாது என்றார்கள். உண்மையிலேயே ஆடவில்லை. பலகையும் அமுங்கவில்லை. ஆனால் கட்டை இறங்கும் தூரம் சுமார் அரை மில்லிமீட்டராகிவிட்டது. மேஜைமேலேயே விரலால் தாளம் போடுவது போல. அதோடு, ஒரு துளி தூசி உள்ளே போனால் கட்டை ஒட்டிக்கொண்டது, அல்லது ஓர் எழுத்துக்கு இரண்டு எழுத்து விழுந்தது. கீபோர்டு மேல்தட்டோடு சேர்த்தே பொருத்தியிருந்ததால், கீபோர்டு போனால் மேல்தட்டையே மாற்றவேண்டியிருந்தது.

2018-ல் அந்தக் கம்பெனி இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுக்க முன்வந்தது. வழக்கும் நடந்தது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 2022-ல் 5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அதற்கு முன்பே, 2019 நவம்பரில், 16 அங்குல மாக்புக் ப்ரோவில் பழைய கத்தரிக்கோல் கீல் திரும்பி வந்துவிட்டது. 2020 மே மாதத்துக்குள் மற்ற மாடல்களிலும் வந்தது. கட்டை இறங்கும் தூரம் 1 மில்லிமீட்டர். அந்த 16 அங்குல யந்திரம், தனக்கு முந்திய 15 அங்குல மாடலைவிடத் தடிமனிலும் எடையிலும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.