கப்பல் குறிப்பேடுகளில் காற்றின் வரலாறு

‘மௌசிம்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பருவம், குறித்த காலம் என்பன பொருள். இந்துமாக் கடலில் கப்பல் செலுத்துதற்கு உரிய காலத்தை அரபு மாலுமிகள் இச்சொல்லால் குறித்தனர். போர்த்துக்கீசியர் அதனைத் தம் நாவுக்கு இசையத் திரித்து வழங்கினர். பின்னர் ஆங்கிலேயர் அதனை ‘மான்சூன்’ ஆக்கினர். மழையையும் காற்றையும் பற்றிப் பேசும்போதெல்லாம் உலகம் இன்றும் அந்த அரபு மாலுமியின் சொல்லையே உச்சரிக்கிறது.

அம்மாலுமிகளுள் தலைசிறந்தவர் பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹ்மது இப்னு மாஜித் ஆவார். 1490 ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதி முடித்த ‘கிதாபுல் ஃபவாயித்’ என்னும் நூல், விண்மீன்களையும் துறைமுகங்களையும் காற்றுக்களையும் விரித்துரைக்கின்றது. எத்துறையிலிருந்து எந்நாளில் பாய் விரித்தல் தகும் என்பதை நைரூஸ் நாளிலிருந்து எண்ணிச் சொல்கிறது. அவருக்குப் பின் வந்த சுலைமான் அல் மஹ்ரியும் அவ்வழியே நூல் செய்தார்.

ஆயினும் ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். இந்நூல்களின் நோக்கம், காற்று எப்போது வீசும் என்னும் விதியைக் கற்பிப்பதாகும். இன்ன ஆண்டில், இன்ன நாளில், இன்ன இடத்தில் அது எவ்வாறு வீசிற்று என்று பதிந்து வைப்பது அவற்றின் நோக்கமன்று. பயணம் செய்பவனுக்கு விதி போதும். விதி தவறிய ஆண்டை அறிய விழைபவனுக்கோ, நாள்தோறும் கண்டதைக் கண்டவாறு எழுதிய சாட்சி வேண்டும். அத்தகைய சாட்சிகள் எங்கே கிடைக்கின்றன என்பதையும், அவற்றை இன்று எவ்வாறு பெயர்த்தெழுதுகின்றனர் என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

கும்பினிக் கப்பல்களின் ஏடுகள்

பாய்க்கப்பல் நடுக்கடலில் செல்லும்போது கரையோ கலங்கரை விளக்கமோ கண்ணுக்குத் தெரிவதில்லை. எத்திசையில், எவ்வளவு விரைவில், எத்தகைய காற்றில் வந்தோம் என்று கணக்கிட்டே தாம் இருக்கும் இடத்தை மாலுமிகள் அறிய வேண்டியிருந்தது. அதனால் கப்பலின் போக்கு, காற்றின் திசை, அதன் வலிமை, வானத்தின் நிலை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் தவறாது எழுதினர். பிற்கால விஞ்ஞானிகளுக்கு உதவும் என்று அவர்கள் எழுதவில்லை. உயிரோடு கரை சேர்வதற்காக எழுதினர்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கப்பல் தலைவர்கள் பயணம் முடிந்ததும் இக்குறிப்பேடுகளைக் கும்பினியிடம் ஒப்படைத்தனர். அவ்வாறு சேர்ந்த ஆயிரக்கணக்கான ஏடுகள் இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. கும்பினியின் கடல்வரைபட அதிகாரியாயிருந்த அலெக்சாந்தர் தால்ரிம்பிள், இளமையில் சென்னையில் எழுத்தராகப் பணி தொடங்கியவர். அவரைப் போன்றோரின் ஊக்கத்தால், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினிக் கப்பல்கள் பல வெப்பமானியும் பாரமானியும் ஏந்திச் சென்றன. இங்கிலாந்துக்கும் சென்னை, வங்காளம், சீனம் ஆகியவற்றுக்கும் இடையே ஓடிய அக்கப்பல்கள், சென்ற வழியெல்லாம் வெப்பத்தையும் காற்றின் அழுத்தத்தையும் அளந்துகொண்டே சென்றன.

அக்கும்பினி நம் நாட்டுக்கு இழைத்த தீங்கை நாம் மறக்கவில்லை. அக்கப்பல்களில் பாய் இழுத்தோருள் முஸ்லிம்களான லஸ்கர்கள் பலர் இருந்தனர் என்பதையும், ஏடெழுதும் பேனா அவர்கள் கையில் இல்லை என்பதையும் அறிவோம். எனினும் எழுதியவன் அந்நியன் என்பதற்காக உண்மையான சாட்சியத்தைத் தள்ளுதல் அறிவுடைமை ஆகாது. காற்றின் திசையைப் பொய்யாய் எழுதினால் கப்பல் பாறையில் மோதும். ஆதலின், அவ்வேட்டின் இப்பகுதியில் பொய்க்கு இடமில்லை.

1789 முதல் 1834 வரையிலான இத்தகைய கும்பினிக் குறிப்பேடுகள் 891-ஐ அண்மைக்கால ஆய்வாளர்கள் படித்துப் பெயர்த்தெழுதினர். அவற்றிலிருந்து ஏறத்தாழ 2,73,000 வானிலைப் பதிவுகள் கிடைத்தன. அந்த ஆய்வு 2012 இல் வெளிவந்தது. அதன் பயனுக்கு ஒரு சான்று கூறுவோம். 1815 ஏப்ரலில் சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் முதல் முழக்கத்தைத் தொலைவிலுள்ள மக்காசரில் கேட்டோர் பீரங்கி ஒலி என்றே மயங்கினர். கடற்கொள்ளையரைத் தேடி ‘பனாரஸ்’ என்னும் கும்பினிக் கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாது போயிற்று. அவ்வெடிப்பு உலகை எவ்வளவு குளிர்வித்தது என்னும் வினாவுக்குக் கும்பினிக் கப்பல்களின் வெப்பமானிகள் விடை தந்தன: சுமார் அரை பாகை செல்சியஸ். அரை பாகை என்பது மிகச் சிறிய அளவு. பலர், பல ஆண்டுகள், பல கடல்களில் நாள் தவறாது எழுதியிராவிடின் அது புலப்பட்டிராது.

படிப்பதன் அருமை

பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதுவது எளிய வேலை போலத் தோன்றும், அன்று. முதலாவது, நாட்கணக்கு. நமக்கு நாள் மஃரிபில் தொடங்குகிறது. திங்கட்கிழமை மாலைக்குப் பின் வருவது நமக்குச் செவ்வாய் இரவு. அக்கால ஆங்கில மாலுமிக்கோ நாள் நண்பகலில் தொடங்கியது. திங்கட்கிழமைப் பிற்பகலில் அடித்த புயலை அவன் செவ்வாய்க்கிழமையின் கீழ் எழுதினான். இங்கிலாந்தின் அரசுக் கடற்படை 1805 இல் இவ்வழக்கத்தைக் கைவிட்டது. இதனை அறியாது படியெடுப்பவர் புயலை ஒருநாள் தள்ளிவிடுவார்.

இரண்டாவது, இடக்கணக்கு. கிரீன்விச்சைத் தொடக்கமாகக் கொள்ளலாம் என்று 1884 இல் வாஷிங்டன் மாநாடு பரிந்துரைக்கும் முன், தீர்க்கரேகையை எங்கிருந்து எண்ணுவது என்பதில் ஒருமைப்பாடு இல்லை. பாரிசிலிருந்து எண்ணியோரும் உளர். தெனெரீப் தீவிலிருந்து எண்ணியோரும் உளர். கடைசியாகக் கண்ட நிலமுனையிலிருந்து எண்ணியோரும் உளர்.

மூன்றாவது, சொல். காற்றின் வலிமையை 0 முதல் 12 வரையிலான எண்களால் குறிக்கும் முறையைப் பிரான்சிஸ் போபர்ட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தார். இங்கிலாந்தின் கடற்படை அதனை 1838 இல் தான் விதியாக்கிற்று. அதற்குமுன் எல்லாம் சொற்களே. உச்சியிலுள்ள இன்ன பாயைத் தாங்கும் காற்று என்று டச்சுக்காரர் தம் மொழியில் எழுதினர். ஸ்பானியரும் பிரெஞ்சுக்காரரும் வேறு வேறு சொற்களைக் கையாண்டனர். ஐரோப்பியக் கூட்டமைப்பின் ஆதரவில் 2001 முதல் 2003 வரை நடந்த ஆய்வொன்று, 1750 முதல் 1850 வரையிலான நான்கு நாட்டுக் குறிப்பேடுகளைத் தொகுத்தது. அதனைச் செய்தோர் முதலில் அந்நான்கு மொழிகளின் காற்றுச் சொற்களுக்கும் ஓர் அகராதி செய்ய நேர்ந்தது. வானிலை ஆராய்ச்சிக்கு அகராதிக் கலை முன்நின்ற இச்செய்தி, மொழி கற்பிப்போராகிய நம்மை மகிழ்விக்கின்றது.

மூவர் சாட்சியம்

2010 அக்டோபரில் இப்பணி பொதுமக்களின் கைக்கு வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டிய இங்கிலாந்தின் போர்க்கப்பல் குறிப்பேடுகளைப் படம் பிடித்து, ‘ஓல்டு வெதர்’ என்னும் திட்டத்தின் வழியே கணிப்பொறியில் வெளியிட்டனர். விரும்பிய எவரும் வீட்டிலிருந்தே ஒரு கப்பலைத் தேர்ந்து, அதன் பக்கங்களைப் பெயர்த்தெழுதலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் சுமார் 16 இலட்சம் வானிலைப் பதிவுகளை மீட்டுத் தந்தனர். ஒரு கப்பலில் மிகுதியான பக்கங்களை எழுதியவருக்கு அக்கப்பலின் ‘கேப்டன்’ என்னும் பட்டம், அதுவே ஊதியம். அவ்வேடுகளில் நோயுற்ற மாலுமிகளின் எண்ணிக்கையும் இருந்தது. 1918 இன் இன்புளூயன்சாக் கொள்ளைநோய் கப்பல்களில் புகுந்ததை, காற்றைத் தேடிச் சென்ற தொண்டர்கள் அவ்வெண்களிலேயே கண்டனர்.

தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் மூவர் தனித்தனியே எழுதினர். ஒருவர் எழுதியதை மற்றவர் காணார். மூன்று படிகளையும் ஒப்பிட்டுப் பின்னரே ஏற்றனர். ஆயிரம் பதிவுகளில் படியெடுப்போர் பிழையால் இழந்தவை சுமார் 3; எழுத்து விளங்காமல் விட்டவை சுமார் 10; கப்பலில் எழுதிய அதிகாரியே கிழக்கை மேற்கு என்று எழுதியது போன்ற பிழைகள் குறைந்தது 3 என்று கணக்கிட்டனர். மூல எழுத்தரின் பிழையும் படியெடுத்தோர் பிழையும் ஏறத்தாழச் சமமாயிருந்தன!

இம்முறையைக் காணும்போது ஹதீஸ் கலை கற்றோர்க்கு ஒரு பழைய நண்பரைக் கண்டது போலத் தோன்றும். படியெடுத்த பிரதியை மூலத்தோடு ஒப்புநோக்குவதை நம் முன்னோர் ‘முகாபலா’ என்றனர். ஒப்புநோக்காத பிரதியை அவர்கள் நம்பவில்லை. மூலத்தில் ஒரு சொல் பிழைபோலத் தோன்றினால் என் செய்வது? ஹிஜ்ரி 643 இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் தம் நூலில் இதனை ஆராய்கிறார். ஆசிரியரிடமிருந்து அவ்வாறே வந்த சொல்லாயின் எழுத்தர் அதனை விட்டுவைத்து, அதன்மேல் ‘ளப்பா’ என்னும் சிறு குறியிடுவர். படிப்பவர் ஐயுறலாம், எழுத்தர் மூலத்தை மாற்றலாகாது. கப்பலேட்டுத் தொண்டர்களுக்கும் கட்டளை அதுவே: கண்டதை எழுதுக, திருத்தற்க. நடுநிலத்தில் கப்பல் நிற்பதுபோல் தீர்க்கரேகை எழுதப்பட்டிருப்பினும், அதனை அப்படியே எழுதி ஆய்வாளரிடம் விட்டுவிட வேண்டும்.

அறிவிப்பாளரை எடைபோடும் ‘ஜர்ஹு, தஃதீல்’ போன்ற ஒரு கலையும் இங்கு உண்டு. கடல்நீரின் வெப்பத்தை, வாளியில் நீர்மொண்டு அளந்தனர். மரவாளியிலுள்ள நீர் மெல்லக் குளிரும். கித்தான் வாளியிலுள்ள நீர் காற்றுப்பட்டு விரைந்து குளிரும். எனவே எந்நாட்டுக் கப்பல், எக்காலத்தில், எவ்வாளியால் மொண்டது என்று ஆராய்ந்த பின்னரே அவ்வளவை ஏற்கின்றனர். மாலுமி பொய் சொல்லவில்லை. அவன் வாளி சற்றுப் பிழைபட உரைத்தது. சாட்சியின் நேர்மை வேறு, துல்லியம் வேறு என்பதை நம் இமாம்கள் ‘அதாலத்’, ‘ளப்து’ என்று பிரித்துக் காட்டியதை ஈண்டு நினைவு கூரலாம்.

ஏட்டின் விலை

இவ்வேடுகளுக்கு அவற்றை எழுதியோர் தந்த மதிப்பை உணர ‘ஜீனெட்’ என்னும் அமெரிக்கக் கப்பலின் கதை போதும். 1879 ஜூலையில் 33 பேருடன் வடதுருவம் நாடிச் சென்ற அது, செப்டம்பரில் பனிக்கட்டியில் சிக்கி, 1881 ஜூனில் நொறுங்கி மூழ்கியது. தலைவர் தெலாங்கும் அவர் தோழர்களும் படகுகளை உறைபனிமேல் இழுத்துச் சென்றனர். உணவு குறைந்தது, சுமை மிகுந்தது. ஆயினும் கப்பலின் குறிப்பேடுகளை அவர்கள் எறிந்துவிடவில்லை. சைபீரியாவின் லேனா ஆற்று முகத்தில் கரையேறிய பின், இனிச் சுமக்க இயலாத நிலையில் அவற்றை அங்கு வைத்துச் சென்றனர். தெலாங் பசியால் மாண்டார். 33 பேரில் 20 பேர் மீளவில்லை. உயிர் பிழைத்த பொறியாளர் மெல்வில் அவ்வேடுகளைத் தேடி மீட்டார். அன்றைய வடதுருவப் பனியின் நிலையை இன்றைய ஆய்வாளர் அறிவதற்கு, பெயர்த்தெழுதிய அவ்வேடுகளும் துணைசெய்கின்றன.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் கண்ணீரோடு சொல்லிச் சென்றனர். பஞ்சத்திலும் தானியத்தைக் கப்பலேற்றிய ஆட்சியின் கொடுமை அதில் பெரும் பங்குடையது. பருவம் பிழைத்ததும் பங்குடையதே. 1877, 1878 ஆம் ஆண்டுகளில் பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்துக்கு மிகையாய் வெப்பமுற்றது என்பதை இன்று அறிவோம். எவ்வாறு அறிந்தோம்? அக்கடல்களில் ஓடிய கப்பல்கள் எழுதி வைத்த வெப்ப அளவுகளால் அறிந்தோம். பருவம் தவறும் ஆண்டை முன்னறிய முயல்வோர்க்கு, முன்பு தவறிய ஆண்டுகளின் கணக்கே பாடநூல். அந்நூலில் எத்தனையோ பக்கங்கள் இன்னும் படிக்கப்படாது கிடக்கின்றன. அண்மைக் காலத்தில் கையெழுத்தைப் படிக்கும் பொறிகளும் வந்துள்ளன; ஆயினும் அவை படித்ததைச் சரிபார்க்க மனிதக் கண் வேண்டியிருக்கிறது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியதென்பதை நாம் அறிவோம். எழுதுதல் நமக்கு மார்க்கம் காட்டிய வழி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் கடலோடிய குடும்பங்களின் இல்லங்களில், அரபுத் தமிழிலோ தமிழிலோ எழுதிய கணக்கேடும் கடிதமும் எஞ்சியிருக்குமாயின், அவற்றைப் பயனற்ற தாளென்று எடைக்குப் போடற்க. ‘காற்றில்லாததால் பத்து நாள் தாமதம்’ என்று அதில் ஒரு வரி இருப்பின், அது அந்த ஆண்டின் பருவத்துக்கு ஒரு சாட்சி. விதியை நமக்கு இப்னு மாஜித் எழுதித் தந்தார். நாளைய கணக்கு நம் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் இருக்கலாம். அதனைத் திறந்து பார்ப்போம். படிக்க வல்லாரிடம் காட்டுவோம். ஓரெழுத்தும் மாற்றாது படியெடுத்து வைப்போம். நம் கைக்கு வந்த அமானிதம் அது.