பந்தயக் காற்றும் பிழைப்புக் காற்றும்

முல்லைத்தீவுக் கரையோர் நாற்றிசைக் காற்றுக்கும் தனிப்பெயர் வழங்குவர்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். வாடையிற் கடல் கொந்தளிக்கும். சோழகத்தில் அது ஓரளவு அடங்க, பிறகரை மீனவரும் நாயாறு, கொக்கிளாய்ப் பக்கங்களில் வாடியமைப்பர். காற்றறிவு ஈண்டுப் பிழைப்பு.

மேனாட்டார் அதனைப் பந்தயமாக்கினர். பெர்முடாப் பந்தயம் 1906இலும் பாஸ்ற்நெற் பந்தயம் 1925இலும் தோன்றின. 1945இல் தொடங்கிய 628 கடல்மைற் சிட்னி–ஹோபாட் பந்தயம் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. 2020இல் மட்டும் தடைப்பட்டது.

இவ்விரு மரபுகளும் ஒருகாற் சந்தித்தமை நாம் கருதற்பாலது. 1928ஆம் ஆண்டுப் பெர்முடாப் பந்தயத்தில் 'ஸ்வாப்' என்னும் சிறுகலத்துடன் புறப்பட்ட வில்லியம் அல்பேட் றொபின்சன், அவ்வழியே உலகைச் சுற்றி 1931இல் மீண்டார். பின்னர் ஈழத்தில் அவர் விலைகொடுத்துப் பெற்றதோ பந்தயப் படகன்று. வன்னிக்கு வடக்கே வல்வெட்டித்துறையிற் கட்டிய, 89 அடி நீளமான 'அன்னபூரணி' என்னும் சரக்குக் கப்பல். மனைவி பெயரால் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' என மாற்றப்பெற்ற அக்கப்பல், சூயெஸ் கால்வாயையும் அத்திலாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டு 1இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. அதனைச் செலுத்தியோருள் வல்வையார் ஐவர். அவர்தம் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. பந்தயத்தில் வென்றதாக எவரும் அவர்களுக்குக் கிண்ணம் வழங்கவில்லை, அவர்கள் போட்டியிடவுமில்லை.

றொபின்சனின் முதற்பயணம் 1932இல் நூலாயிற்று. தண்டையல்களின் வழியறிவோ தந்தை வாய்மொழியாக மகனுக்குச் சென்றது. முல்லைத்தீவுக் கரை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் 2009இல் முடிந்த போரையும் கண்டது. காற்றுப் பெயர்களையேனும் அக்கரை முதியோரிடம் கேட்டெழுதும் பணியை நாம் இன்னும் பிற்போடலாகாது.