முத்தத்தில் உப்பு

ஐரோப்பியக் கிராமங்களில் பழைய சொல் ஒன்று உண்டு. முத்தமிடும்போது எந்தக் குழந்தையின் நெற்றி உப்புக் கரிக்கிறதோ, அதற்குச் சூனியம் வைத்திருக்கிறார்கள், அது அதிக நாள் தங்காது என்பார்கள். நம் ஊரில் குழந்தையை உச்சி முகர்வதுதான் வழக்கம். மூக்குக்குத்தான் வேலை, நாக்குக்கு இல்லை. அதனாலோ என்னவோ, நம் பாட்டிமார் வாயிலிருந்து இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இது போதும். பேய்க்கதைக்கு முதல் வரி கிடைத்துவிட்டது. ஆனால் உண்மையில் நடந்த கதை என் கற்பனைக்கு எட்டாதது.

1930-களில் நியூயார்க் பேபீஸ் ஆஸ்பத்திரியில் டாரதி ஆண்டர்ஸன் என்ற அம்மையார் இருந்தார். இறந்த குழந்தைகளின் உடலை அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்வது அவர் உத்தியோகம். தின்றது உடம்பில் ஒட்டாமல் மெலிந்து செத்த குழந்தை ஒன்றுக்கு வேறு ஏதோ குடல் வியாதியின் பெயரை எழுதியிருந்தார்கள். ஆண்டர்ஸன் பார்த்தபோது கணையம் தழும்பேறி, சிறு சிறு நீர்க்கட்டிகளாகக் கிடந்தது. அதே மாதிரிக் குழந்தைகளைத் தேடித் திரட்டி, 1938-இல் அந்த வியாதியைத் தனியே பிரித்துக் காட்டினார். சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்று அதற்குப் பெயர். கெட்டிச் சளி கணையத்தையும் அடைக்கும், மூச்சையும் அடைக்கும். அந்நாளில் இக்குழந்தைகள் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதே அபூர்வம்.

பெயர் கிடைத்துவிட்டது. உயிரோடிருக்கும் குழந்தையிடம் அதைக் கண்டுபிடிப்பது எப்படி? குழாயைச் சிறுகுடல்வரை இறக்கி ஜீரண நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். திமிறுகிற பச்சைக் குழந்தைக்கு அதைச் செய்வது லேசான காரியமா?

1948 கோடையில் நியூயார்க்கில் வெயில் கொளுத்தியது. மயங்கி விழுந்த குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அவர்களில் பலர் இந்த நோய்க் குழந்தைகளாகவே இருந்தார்கள். வெயில் ஊருக்கெல்லாம் பொதுதானே, இவர்களை மட்டும் ஏன் பொறுக்கி எடுக்கிறது? ரோமாபுரியில் பிறந்து அங்கே வந்து சேர்ந்த டாக்டர் பால் டி சான்டாக்னீஸ் இதை விடவில்லை. உடம்பிலிருந்து உப்பு போகிறது. சிறுநீரகம் சரியாக இருக்கிறது. அப்படியானால் வழி எது? வியர்வையைச் சோதித்தார். உப்பு மற்றக் குழந்தைகளைவிடப் பல மடங்கு இருந்தது. 1953-இல் அதை வெளியிட்டார்.

பாட்டியின் நாக்கு பொய் சொல்லவில்லை. சூனியம் என்ற பதில் தயாராக இருந்ததால், கேள்விதான் பிறக்கவில்லை.

இதோடு சுபம் போட முடியவில்லை. சோதனைக்கு வியர்வை வேண்டுமே! குழந்தையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கம்பளியால் சுற்றி வேர்க்க வைத்தார்கள். வேர்த்தால் மயங்குகிற குழந்தையை வேர்க்க வைப்பது! சோதனையிலேயே சில குழந்தைகள் இறந்தன. இந்தச் சரித்திரத்தில் நான் படிக்க விரும்பாத பக்கம் இதுதான். ஆயினும் இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

1959-இல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கிப்ஸன், குக் என்ற இருவர் வழி கண்டார்கள். தென் அமெரிக்க ஜபோராண்டி இலையிலிருந்து எடுக்கும் பைலோகார்பின் என்ற மருந்து வியர்வையைத் தூண்டும். அதை முன்கையில் வைத்து, உறைக்காத அளவு மின்சாரத்தைச் சில நிமிஷம் செலுத்தினால், ரூபாய் நாணயம் அளவு இடம் மட்டும் வேர்க்கும். குழந்தைக்கு ஆபத்தில்லை. அந்த வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் என்று கணக்கு. 30-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. இரண்டுக்கும் இடைப்பட்டால் மேலும் பார்க்க வேண்டும்.

உப்பு ஏன் இப்படி வழிகிறது என்பதை 1983-இல் பால் க்வின்டன் காட்டினார். வியர்வை சுரக்கும்போது எல்லோருக்கும் உப்பாகவே சுரக்கிறது. வெளியே வரும் வழியில் உடம்பு உப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இவர்களுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. க்வின்டனும் இந்த நோயோடு பிறந்தவர்.

1989-இல் கோளாறுள்ள மரபணுவையும் பிடித்துவிட்டார்கள். இப்போது பல நாடுகளில் பிறந்த சில நாளிலேயே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அதில் சந்தேகம் வந்தால், குழந்தையை மறுபடி அழைத்து, முன்கையில் அந்தப் பட்டையைக் கட்டுகிறார்கள். வியர்வை சேர அரை மணி நேரம் ஆகிறது. அதுவரை தாய் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.