ஈக்காட்டுத்தாங்கலும் ஃபீஸ் கட்டையும்

ஒருத்தரைக் கிண்டல் செய்ய 'ஃபீஸ் போன பல்பு' என்கிறோம். குண்டு பல்பில் அறுந்துபோவது டங்ஸ்டன் இழை. ஃபீஸ் இருப்பது சுவரில், பீங்கான் கட்டைக்குள்ளே.

எடிசன் அதற்குக் காப்புரிமை பெற்றது 1890இல். கரண்ட் கூடினால் மெல்லிய கம்பி உருகும், சுவருக்குள் போகும் ஒயர் பிழைக்கும். அவ்வளவுதான் தத்துவம். 1958இல் கிண்டி தொழிற்பேட்டை வந்தபின், பக்கத்திலிருக்கும் ஈக்காட்டுத்தாங்கல் லேத்தும் பிரஸ்ஸும் ஓடும் ஊரானது. அங்கே ஒரு சிக்கல். மோட்டார் கிளம்பும்போது வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சரியான கம்பி போட்டால் அடிக்கடி ஃபீஸ் போகும். தடித்த கம்பி போட்டால் ஃபீஸுக்குப் பதிலாக ஒயரே எரியும்.

இதற்கான விடை ஜெர்மனியின் மான்ஹைமில் 1924இலேயே ஹூகோ ஸ்டோட்ஸ் நிறுவனத்தில் கிடைத்திருந்தது: எம்சிபி. உள்ளே ஒரு உலோகப் பட்டை சூட்டில் மெதுவாக வளையும்; ஷார்ட் சர்க்யூட் என்றால் காந்தச்சுருள் உடனே தட்டிவிடும். இதில் 'பி' ரகம் மூன்றிலிருந்து ஐந்து மடங்கில் உடனே விழும், 'சி' ரகம் ஐந்திலிருந்து பத்து மடங்கு வரை பொறுக்கும். அதனால்தான் மோட்டாருக்கும் ஏசிக்கும் 'சி'.

ஆனால் எம்சிபி காப்பது ஒயரைத்தான், மனிதரை அல்ல. 6 ஆம்பியர் எம்சிபிக்கு, ஒருவர் உடம்பு வழியே ஓடும் 0.1 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. ஆளைக் கொல்ல அது போதும். அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் ஆர்சிசிபி. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே அணைத்துவிடும். நம்ம பாஷையில் சொன்னால், கணக்கு டேலி ஆகணும்.

பெட்டிக்குள் வரிசை இங்கேதான் முக்கியமாகிறது. மெயின் சுவிட்ச், அதன்பின் ஆர்சிசிபி, அதன்பின் எம்சிபிகள். ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் தனி நியூட்ரல் பட்டை வேண்டும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறு பட்டையில் மாட்டிவிட்டால் கணக்கு டேலி ஆகாது, காரணமே இல்லாமல் அணையும். "சும்மா சும்மா ட்ரிப் ஆகுது சார்" என்று யாராவது அதை பைபாஸ் செய்துவிடுவார். விளக்கு எரியும், ஃபேன் சுத்தும். காவல் மட்டும் இருக்காது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறி ஈக்காட்டுத்தாங்கலுக்குள் வந்தது. அப்படித் தண்ணீர் நிற்கும் வீட்டில் எம்சிபிக்குத் தெரியாத கசிவு ஆர்சிசிபிக்குத் தெரியும், பைபாஸ் ஆகாமல் இருந்தால். அதில் 'டி' என்று ஒரு பட்டன் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அணையவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.