காப்பவருக்கும் காவல் வேண்டும்

நோயாளியின் படுக்கையருகே இராப்பகலாக நிற்பவர் தாதி. பிறர் உயிரைக் காக்கும் அவருடைய உயிருக்கும் காவல் வேண்டும் என்பதை உலகம் பெரும் விலை கொடுத்தே உணர்ந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

1952 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் வாட்டிற்று. பிளெக்டம் வைத்தியசாலையிற் சுவாசத் தசைகள் செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். அந்நிலையில், மயக்கமருந்து வைத்தியரான பியோர்ன் இப்சன், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக் குழலிற் குழாய் செலுத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றூட்டினார். சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்துப் பை அமுக்கி நோயாளரைக் காத்தனர். 1953 டிசெம்பரில் அந்நகரிலேயே இப்சன் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றை அமைத்தார். இத்தகைய பிரிவுகளுள் இதுவே முதலாவது எனப் பலரும் கொள்வர்.

ஆயினும், உயிர் கொடுக்கும் அக்குழாயே ஆபத்துக்கும் வழி திறந்தது. குழாயைச் செலுத்தும்போதும் சளியை உறிஞ்சி எடுக்கும்போதும் நோய்க் கிருமிகள் காற்றிற் பரவக்கூடும். அவ்வேளையில் நோயாளியின் முகத்துக்கு மிக அண்மையில் இருப்போருள் தாதியும் ஒருவர். ஊசி குத்துவதால் வரும் இரத்தவழித் தொற்று, உணர்வற்ற நோயாளியைத் தூக்கிப் புரட்டுவதால் வரும் முதுகு நோவு, இராவிழிப்பால் வரும் சோர்வு ஆகியனவும் அவரைத் தொடர்கின்றன.

2003 ஆம் ஆண்டில் சார்ஸ் நோய் இவ்வபாயத்தை வெளிப்படுத்திற்று. உலகில் அந்நோய் கண்ட 8,098 பேரில் ஏறக்குறைய ஐவருக்கு ஒருவர் சுகாதார ஊழியர். கனடாவின் ரொறன்ரோ நகரில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சார்ஸ் நோயாளரின் அறைக்குட் சென்ற 32 தாதியரை ஆராய்ந்தபோது, எண்மர் நோயுற்றமை தெரியவந்தது. குழாய் செலுத்த உதவியோருக்கு ஆபத்து மிகுதி. முகக்கவசத்தைத் தவறாது அணிந்தோருக்கோ ஆபத்துக் குறைவு.

ஒன்ராறியோ மாகாணத்தில் அவ்வாண்டு தாதியர் இருவரும் வைத்தியர் ஒருவரும் அந்நோயால் உயிர்துறந்தனர். நீதிபதி ஆர்ச்சி கம்பெல் நடாத்திய விசாரணையின் முடிவுகள் 2007 இல் வெளியாகின. ஆபத்துக்கு ஐயந்திரிபற்ற விஞ்ஞானச் சான்று கிடைக்கும்வரை காத்திராது, முன்னரே பாதுகாப்பு அளித்தல் வேண்டும் என்பது அவற்றின் சாரம். அவ்வறிவுரை போதியவாறு பேணப்படவில்லை. 2020 இற் கொவிட் நோய் பரவியபோது, பல நாடுகளில் முகக்கவசத்துக்கே தட்டுப்பாடு நேர்ந்தது.

தாதியரின் தியாகத்தைப் புகழ்வதோடு சமுதாயத்தின் கடமை முடிந்துவிடாது. பொருத்தமான கவசமும் போதிய ஆட்பலமும் தகுந்த ஓய்வும் அவர்களுக்கு உரியன. அவற்றை நோய் வருமுன்னரே வழங்குவதுதான் உண்மையான நன்றியாகும்.