ஐக்கிய அமெரிக்காவில் கைத்துப்பாக்கி ஏந்துதல்

ஐக்கிய அமெரிக்காவில் கைத்துப்பாக்கி ஏந்துதல் என்பது, அந்நாட்டவர் தற்காப்பிற்காகக் கைத்துப்பாக்கியைப் பொது இடங்களில் உடன் எடுத்துச் செல்வதைக் குறிக்கும். ஆடைக்குள் மறைத்து ஏந்துதல், வெளியே தெரியும்படி ஏந்துதல் என இது இருவகைப்படும். இக்கட்டுரை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது.

சட்டநிலை

அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் (1791) ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் உள்ள உரிமையைப் பற்றிப் பேசுகிறது. எனினும் பொது இடத்தில் ஏந்துவதற்கான விதிகளைப் பெரும்பாலும் மாநிலங்களே வகுக்கின்றன. வெர்மான்ட் மாநிலம் இதற்கு உரிமம் கோரியதே இல்லை. தகுதியுடைய எவருக்கும் உரிமம் வழங்கவேண்டும் எனப் புளோரிடா 1987 இல் இயற்றிய சட்டத்தைப் போன்ற சட்டங்களைப் பின்னர்ப் பல மாநிலங்கள் இயற்றின. மறைத்து ஏந்துவதை இறுதியாக அனுமதித்த மாநிலம் இலினொய் (2013). தனிப்பட்ட சிறப்புத் தேவையை நிறுவினால் மட்டுமே உரிமம் என்றிருந்த நியூயார்க் மாநிலச் சட்டவிதியை 2022 இல் உச்ச நீதிமன்றம் செல்லாதது என்றது. தற்போது பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமமே தேவையில்லை.

ஒரு மாநிலத்தின் உரிமம் எல்லா மாநிலங்களிலும் செல்லாது. ஓட்டுநர் உரிமத்தைப் போன்றதே இதுவும் எனக் கருதி மாநில எல்லையைக் கடப்பவர் குற்றவாளியாக நேரிடலாம். நடுவண் அரசு அலுவலகங்களுக்குள் துப்பாக்கி கொண்டுசெல்லத் தடை உண்டு. வானூர்தியில் பயணிகள் அதனை உடன் வைத்திருக்க இயலாது. தோட்டாக்களை நீக்கி, பூட்டிய கடினமான பெட்டியில் இட்டு, நிறுவனத்திடம் அறிவித்து, சரக்கறைக்கு அனுப்பவேண்டும். இருந்தும் 2023 இல் வானூர்தி நிலையச் சோதனைகளில் 6,700 இற்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் தோட்டா நிரப்பப்பட்டிருந்தது. மறந்துவிட்டேன் என்பதே பலரும் கூறும் காரணம்.

பாதுகாப்பு நெறிகள்

துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் தொகுத்த நான்கு விதிகள் பரவலாகக் கற்பிக்கப்படுகின்றன. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதவேண்டும். அழிக்க விரும்பாத எதனை நோக்கியும் குழல்வாயைத் திருப்பலாகாது. குறி பார்க்கும் வரை விரல் விசையைத் தொடலாகாது. இலக்கு எது, அதன் பின்னே இருப்பது எது என உறுதி செய்துகொள்ளவேண்டும்.

உடலில் அணியும்போது இவற்றைக் காக்க உதவுவது உறை ஆகும். நல்ல உறை விசையை முழுதும் மூடியிருக்கும். ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கியை நழுவவிடாது. உறையின்றி இடுப்பில் செருகுவதன் விளைவுக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர் பிளாக்சிகோ பர்ரெஸ் ஆவார். 2008 நவம்பரில் நியூயார்க் கேளிக்கை விடுதி ஒன்றில் அவரது துப்பாக்கி காற்சட்டைக்குள் நழுவியது. அதைப் பிடிக்க முயன்றபோது வெடித்து, அவரது தொடையிலேயே குண்டு பாய்ந்தது. அவரிடம் நியூயார்க் உரிமம் இல்லை. முன்னர்ப் பெற்ற புளோரிடா உரிமமும் காலாவதியாகியிருந்தது. 2009 இல் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கைப்பையில் வைப்பது வேறு வகை இடர் உடையது. பை உடலை விட்டு அகலும்போது துப்பாக்கியும் அகல்கிறது. 2014 திசம்பரில் ஐடகோ மாநிலக் கடை ஒன்றில், தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எடுக்க, அது வெடித்துத் தாய் உயிரிழந்தார். அப்பை துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையுடன் செய்யப்பட்டது.

பொது இடத்தில் நடத்தை

வாய்த்தகராறில் துப்பாக்கியை எடுத்துக் காட்டுவதே பல மாநிலங்களில் குற்றம். மதுவருந்திய நிலையில் ஏந்துவதையும் பல மாநிலங்கள் தடைசெய்துள்ளன. உயிருக்கோ கடும் காயத்துக்கோ உடனடி அச்சம் இருந்தால் மட்டுமே சுடுவதைச் சட்டம் பொதுவாக ஏற்கிறது. தப்பிச்செல்ல வழியிருந்தால் முதலில் விலகவேண்டும் எனச் சில மாநிலங்கள் கூறுகின்றன. புளோரிடாவின் 2005 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடமையை நீக்கியது.

காவலர் வாகனத்தை நிறுத்தும்போது செய்யவேண்டியதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகனில் தம்மிடம் துப்பாக்கி இருப்பதை உரிமம் பெற்றவர் கேட்கப்படாமலே உடனடியாகத் தெரிவிக்கவேண்டும். வேறு சில மாநிலங்களில் காவலர் கேட்டால் மட்டும் போதுமானது. எவ்வாறாயினும், பேசும்போது துப்பாக்கியை நோக்கிக் கையைக் கொண்டுசெல்லாமல், இரு கைகளையும் காவலர் காணும்படி வைத்திருக்குமாறு பயிற்சியாளர்கள் அறிவுறுத்துகின்றனர்.